தெருவிளக்கைக் கம்பத்தோடு கொடுத்த ஊர்: ஹைலண்ட் பார்க், ஒரு நிகழ்வு ஆய்வு

2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சின்ன நகராட்சி, கட்ட முடியாமல் சேர்ந்துபோன கரண்ட் பில்லைத் தீர்ப்பதற்காகத் தன் தெருவிளக்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை விட்டுக்கொடுத்தது. விளக்கை அணைத்து வைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மின் நிறுவனத்தின் லாரி வந்தது, கம்பத்தையே பிடுங்கி ஏற்றிக்கொண்டு போனது. ஊர் பெயர் ஹைலண்ட் பார்க். நாலாபுறமும் டெட்ராய்ட் மாநகரம் சூழ்ந்திருக்க, ஒரு மூலையில் மட்டும் ஹாம்டிராம்க் என்ற இன்னொரு குட்டி நகரத்தைத் தொட்டுக்கொண்டு தனியாக நிற்கிற ஊர்.

கடன்பட்ட நகராட்சி எந்த நாட்டில் இல்லை? இந்த ஊரை மட்டும் எடுத்துப் பேசக் காரணம் அந்த எல்லைக்கோடுதான். ஒரு காலத்தில் ஊரைப் பணக்கார ஊராக வைத்திருந்த கோடு, அதே இடத்தில், ஒரு அங்குலம் நகராமல் இருந்துகொண்டே பிற்பாடு உதவி எதுவும் உள்ளே வராமல் தடுத்தது. அது எப்படி நடந்தது என்பதை வரிசையாகப் பார்க்கலாம். மேயர், கவுன்சிலர்கள், குடியிருப்பவர்கள் யார் பெயரும் இதில் வராது. பெயர் தெரிந்து ஆகப்போவதும் ஒன்றும் இல்லை.

பின்னணி: ஊர் ஏன் தனியாக நின்றது

டெட்ராய்டின் நடுப்பகுதியிலிருந்து உட்வர்ட் அவென்யூ என்ற பெரிய சாலையில் வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் போனால் ஹைலண்ட் பார்க் வந்துவிடும். மொத்தப் பரப்பே 7.7 சதுர கிலோமீட்டர்தான். 1889ல் கிராமமாகப் பதிவானது. 1900 கணக்கெடுப்பில் மக்கள் 427 பேர். அப்படியே விட்டிருந்தால் பக்கத்து மாநகரம் ஒருநாள் விழுங்கியிருக்கும், சுற்றியிருந்த மற்ற இடங்களை அப்படித்தான் விழுங்கியது.

குறுக்கே வந்தது ஃபோர்டு. 1910ல் ஹென்றி ஃபோர்டு தன் புதிய தொழிற்சாலையை இங்கே திறந்தார். மாடல் டி கார் இங்கே பெருமளவில் தயாரானது. 1913ல் நகரும் தளத்தில் காரைக் கோக்கிற முறை இங்கேதான் ஓடத் தொடங்கியது. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட பன்னிரண்டரை மணி நேரம் ஆன வேலை, சில மாதங்களிலேயே ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார்கள், அன்றைய கூலியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்புறம் கேட்க வேண்டுமா? 1910ல் 4,120 ஆக இருந்த மக்கள்தொகை 1920ல் 46,499 ஆனது. பத்தே வருடத்தில் பதினோரு மடங்கு.

1918ல் ஹைலண்ட் பார்க் முழு நகரமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. கணக்கு எளிது: உலகத்தின் மிகப் பெரிய கார் தொழிற்சாலை தன் எல்லைக்குள் இருக்கிறது, அது கட்டுகிற சொத்து வரி முழுவதும் இந்தச் சின்ன ஊருக்கே. மாநகரத்தோடு சேர்ந்தால் அந்த வரி டெட்ராய்டின் பெரிய கஜானாவில் போய்க் கலந்துவிடும். தொழிற்சாலைக்கும் இதில் லாபம் உண்டு, மாநகர வரியிலிருந்து தப்பித்தது. பக்கத்து ஹாம்டிராம்கும் டாட்ஜ் கார் தொழிற்சாலையை வைத்துக்கொண்டு இதே வேலையைத்தான் செய்தது. அன்றைக்கு இருந்த நிலைமையில் இந்த முடிவை யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லப் போவதில்லை. நல்ல பள்ளிகள் வந்தன, சொந்தத் தண்ணீர் நிலையம் வந்தது, 1926ல் பெரிய நூலகக் கட்டடம் எழுந்தது. மரம் அடர்ந்த தெருக்களில் வரிசையாக அழகான வீடுகள். 1930ல் மக்கள் 52,959 பேர். அதுதான் உச்சம்.

பணம் வெளியே போன விதம்

ஒரே நாளில் போகவில்லை. தவணை தவணையாகப் போனது, ஒவ்வொரு தவணையின்போதும் இதைச் சமாளித்துவிடலாம் என்றுதான் தோன்றியிருக்கும்.

முதல் தவணை ஃபோர்டு. 1920களின் பிற்பகுதியில் கார் உற்பத்தி டியர்பார்ன் என்ற ஊரில் இருந்த ஃபோர்டின் ரூஜ் ஆலைக்கு மாறியது. ஹைலண்ட் பார்க் ஆலையில் மற்ற வேலைகள் பல வருடம் நடந்தாலும் பழைய மவுசு போய்விட்டது. ஆனால் ஊருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 1925ல் உருவான கிரைஸ்லர் கார் நிறுவனம் தன் தலைமையகத்தை இதே ஊரில் வைத்துக்கொண்டது. ஃபோர்டு போன இடத்தைக் கிரைஸ்லர் நிரப்பியதால், ஒரே கம்பெனியை நம்பி ஒரு ஊர் இருக்கலாமா என்ற கேள்வியை யாரும் உரக்கக் கேட்க வேண்டிய தேவை வரவில்லை. என்னைக் கேட்டால் அந்த அதிர்ஷ்டம்தான் இந்தக் கதையின் மிகப் பெரிய துரதிர்ஷ்டம்.

1942ல் டேவிசன் ஃப்ரீவே ஊரின் குறுக்கே வெட்டப்பட்டது. தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாகத் தோண்டி, நகரத்துக்கு நடுவே போட்ட முதல் அமெரிக்க விரைவுச்சாலை என்று அதற்குப் பெயர். போருக்குப் பிறகு புறநகர்களில் புது வீடுகள் எழுந்தன, வசதியுள்ள வெள்ளையர் குடும்பங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, 1967 டெட்ராய்ட் கலவரத்துக்குப் பிறகு அது ஓட்டமாகவே ஆனது. இங்கே தங்கியவர்களும் புதிதாக வந்தவர்களும் பெரும்பாலும் கறுப்பினத்தவர், பலர் வீட்டுக்கடன் கிடைக்காமலேயே வாழ்க்கையை ஓட்டியவர்கள். 1980ல் மக்கள் 27,909 பேர், 1990ல் 20,121.

கடைசித் தவணை 1990களில். கிரைஸ்லர் தன் தலைமையகத்தை வடக்கே ஆபர்ன் ஹில்ஸ் என்ற புறநகருக்கு மாற்றிக்கொண்டு போனது. இந்த முறை நிரப்ப வேறு கம்பெனி வரவில்லை.

நெருக்கடியில் கண்டவை

2001ல் மாநில அரசு ஊரின் நிதிப் பொறுப்பைத் தன் கையில் எடுத்தது. மாநிலம் அனுப்பிய நிதி மேலாளர்தான் கையெழுத்துப் போடுவார், தேர்ந்தெடுத்த மேயரும் கவுன்சிலும் பெயருக்கு இருந்தார்கள். இந்த ஏற்பாடு 2009 வரை நீடித்தது. ஊரின் சொந்தக் காவல்துறையே கலைக்கப்பட்டு, 2007 வரை மாவட்ட ஷெரிஃப் ஆட்கள்தான் ரோந்து வந்தார்கள். 2002ல் அந்த நூலகத்தின் கதவைச் சாத்தினார்கள்.

இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, அவசரமாகப் படிக்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். மக்கள் போனாலும் ஊரின் அளவு குறையாது. 50,000 பேருக்காகப் போட்ட தெரு, குழாய், கம்பம் எல்லாம் அப்படியே இருக்கும். 2010 கணக்கெடுப்பில் ஊரில் இருந்தது 11,776 பேர். அதாவது முன்பு நாலைந்து பேர் சேர்ந்து சுமந்த செலவை இப்போது ஒருவர் சுமக்க வேண்டும், அந்த ஒருவரும் ஏழை. பத்தில் நான்கு பேருக்கு மேல் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். வரியை ஏற்றினால் இன்னும் கொஞ்சம் பேர் போவார்கள், ஏற்றாவிட்டால் பில் கட்ட முடியாது. இது போதாதென்று மிச்சிகன் மாநிலமும் 2000களின் தொடக்கத்திலிருந்து உள்ளாட்சிகளுக்குத் தரும் பங்குத் தொகையை வெட்டிக்கொண்டே வந்தது.

தெருவிளக்கு பில்லும் அந்தச் சுமையில் ஒன்று. ஊரில் சுமார் 1,500 விளக்குகள். மாதத்துக்கு 60,000 டாலர் அளவில் பில் வரும். நகராட்சி பல வருடமாக அதை முழுசாகக் கட்டவில்லை. 2011 வாக்கில் பாக்கி சுமார் 40 லட்சம் டாலருக்கு வந்து நின்றது. விளக்கும் கம்பமும் டி.டி.இ. எனர்ஜி என்ற மின் நிறுவனத்துக்குச் சொந்தம், நகராட்சி மாதாமாதம் கட்டணம் கட்டி அனுபவிக்கிற வாடிக்கையாளர், அவ்வளவுதான். வாடகைக்கு எடுத்த பாத்திரம் மாதிரி, காசு தராவிட்டால் கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

நகராட்சியும் நிறுவனமும் பேசி ஒரு தீர்வுக்கு வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகளை நிறுவனம் எடுத்துக்கொள்ளும், பெரிய சாலைகளிலும் தெரு முனைகளிலும் சுமார் 500 மட்டும் இருக்கும். பழைய பாக்கியை நிறுவனம் தள்ளுபடி செய்யும். மாத பில்லும் பெருமளவு குறையும், ஆகவே இனி வரும் பில்லையாவது ஒழுங்காகக் கட்ட முடியும்.

வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். ஆனால் கவுன்சிலின் மேஜையில் இருந்த மற்ற வழிகள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பாக்கியை அப்படியே வைத்திருந்தால் அது வளரும், ஒருநாள் மொத்த இணைப்பும் போகலாம். ஏற்கெனவே மாநிலத்தின் உயர்ந்த விகிதங்களோடு போட்டி போடுகிற வரியை மேலும் ஏற்றலாம், வசூலாகாது. திவால் மனு போடலாம், ஆனால் மிச்சிகனில் நகராட்சி தானாகப் போட முடியாது, மாநிலத்தின் அனுமதி வேண்டும். மறுபடி மாநிலத்தின் கைக்குள் போவதை இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் அதிலிருந்து வெளியே வந்த ஊர் எப்படி விரும்பும்? இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் 40 லட்சம் டாலர் கடன் ஒரே கையெழுத்தில் காணாமல் போவது நல்ல பேரமாகத்தான் தெரிந்திருக்கும். காகிதத்தில் அது நல்ல பேரம்தான்.

நான் குறை காண்பது பேரத்தை அல்ல, அது நடந்த விதத்தை. தெருவில் குடியிருந்த பலருக்கு லாரியைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. எந்தத் தெருவில் விளக்கு இருக்க வேண்டும், எங்கே வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், எந்தப் பேருந்து நிறுத்தத்தில் பிள்ளைகள் விடியுமுன் நிற்பார்கள் என்றெல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். டெட்ராய்ட் பக்கம் குளிர்காலத்தில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும். முனைக்கு ஒரு விளக்கு என்று வரைபடத்தில் புள்ளி வைத்தால் கணக்கு சரியாகிவிடும். இரண்டு முனைகளுக்கும் நடுவே, பாதி வீடுகள் காலியாகக் கிடக்கிற தெருவில் நடந்து போகிறவருக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்?

பிறகு நடந்தவை

முதலில் நடந்தது எதிர்பார்த்ததுதான், இருட்டு. மக்கள் தங்கள் வாசல் விளக்குகளை இரவு முழுக்க எரியவிட்டார்கள், அப்படிச் செய்யும்படி அவர்களுக்குச் சொல்லவும் பட்டது. இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நகராட்சியின் பில்லில் குறைந்த மின்சாரத்தில் ஒரு பகுதி, வீட்டுக்காரரின் பில்லில் ஏறியது. வசூலித்தது அதே நிறுவனம். ஊரின் பொதுச் செலவு ஒழியவில்லை, தனித்தனி வீட்டின் தலையில் இறங்கியது, அதுவும் அந்தத் தெருவில் மிச்சமிருந்த வீடுகளின் தலையில் மட்டும்.

இரண்டாவதாக நடந்ததை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2012ல் உள்ளூர்க்காரர்கள் சிலரும் நண்பர்களும் சேர்ந்து சோலார்டாரிட்டி என்ற அமைப்பைத் தொடங்கி, பணம் திரட்டி, சூரிய ஒளியில் எரிகிற ஒரு தெருவிளக்கை நட்டார்கள். ஒரே ஒரு விளக்கு. உச்சியில் சூரியத் தகடு, உள்ளே பேட்டரி, எந்த மின்கம்பியோடும் இணைப்பு இல்லை. மாத பில் கிடையாது, பில் இல்லாததால் யாரும் வந்து பிடுங்கவும் முடியாது. அடுத்தடுத்த வருடங்களில் இன்னும் சில விளக்குகள் வந்தன. ஊர் முழுவதற்கும் இப்படியே போடலாம் என்று நகராட்சியிடம் திட்டமும் வைத்தார்கள். இந்த இடத்தில் மிகைப்படுத்தக் கூடாது: ஆயிரம் விளக்கு போன இடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில விளக்குகள் வந்தன, அதுதான் உண்மை. பத்திரிகைகள் எழுதிய உற்சாகக் கட்டுரைகளைப் படித்தால் ஊரே ஜொலிப்பது போல இருக்கும். ஆனால் அந்த முயற்சிக்கு வேறொரு பலன் இருந்தது. விளக்கு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை முதல்முறையாக ஊர் கேட்டது. அதே அமைப்பு பிற்பாடு மின் நிறுவனத்தின் திட்டங்கள் மீது, மின் நிறுவனங்களைக் கண்காணிக்கிற மாநில ஆணையத்தில் வாதாடுகிற அளவுக்கு வளர்ந்தது.

மூன்றாவது விஷயம் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்தது. 2013 ஜூலையில் டெட்ராய்டே திவால் மனு போட்டது. அங்கேயும் ஏறக்குறைய பத்தில் நான்கு தெருவிளக்குகள் எரியாமல்தான் இருந்தன. ஆனால் டெட்ராய்ட் பெரிய நகரம், அது விழுந்தால் மாநிலமே ஆடும். ஆகவே தனியாக ஒரு விளக்கு ஆணையம் அமைத்து, கடன்பத்திரம் விற்று, 2016 முடிவதற்குள் சுமார் 65,000 எல்.இ.டி. விளக்குகளை எரியவைத்தார்கள். ஹைலண்ட் பார்க் அதற்குள் வராது. தனி நகரம் அல்லவா? 1918ல் வரிப்பணத்தை உள்ளே வைத்துக்கொள்ளப் போட்ட கோட்டுக்கு ஒரு பக்கம் வெள்ளை வெளிச்சம், மறுபக்கம் இருட்டு.

தண்ணீர் விவகாரமும் இதே பாதையில் போனது. 2012ல் ஊரின் பழைய தண்ணீர் நிலையம் மூடப்பட்டு, தற்காலிகமாக என்று சொல்லி டெட்ராய்டின் குழாயோடு இணைத்தார்கள். தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது. நூறு வருடப் பழைய குழாய்களில் நிறையத் தண்ணீர் கசிந்து போக, வீடுகளுக்குச் சரியாக பில் போகாமல், பாக்கி கோடிக்கணக்கான டாலருக்கு ஏறி, நீதிமன்றம், தீர்ப்பு, மேல்முறையீடு என்று பத்து வருடம் இழுத்தது. கடைசியில் 2023ல் மாநில அரசு நடுவில் வந்து, பணமும் போட்டு, ஒரு சமரசத்தில் முடித்துவைத்தது. விளக்குப் பாக்கிக்கு நகராட்சி தானே விலை கொடுத்தது, தண்ணீர்ப் பாக்கிக்கு அப்படிக் கொடுக்க முடியாது, குழாயைப் பிடுங்கிக் கொடுத்தால் ஊரில் யாரும் இருக்க முடியாது. அதோடு அந்தப் பாக்கியை மற்ற புறநகர்கள் பங்கு போட்டுச் சுமக்க வேண்டியிருந்ததால் அவர்களும் சத்தம் போட்டார்கள். அடுத்தவருக்கு வலித்தபோதுதான் மாநிலத்துக்கு அவசரம் வந்தது என்பது என் வாசிப்பு.

2020 கணக்கெடுப்பில் மக்கள் 8,977 பேர். ஒப்பிட்டுப் பார்க்க: பக்கத்து ஹாம்டிராம்கும் தன் தொழிற்சாலையை இழந்த ஊர்தான், ஆனால் அங்கே ஏமன், பங்களாதேஷ் குடும்பங்கள் வந்து காலி வீடுகளை நிரப்பியதால் 2010க்கும் 2020க்கும் இடையே மக்கள் 22,423லிருந்து 28,433 ஆகக் கூடினார்கள். ஃபோர்டின் பழைய ஆலையின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது, அதன் முன்னால் இருக்கிற கடைத்தொகுதிக்கு மாடல் டி பிளாசா என்று பெயர்.

என்ன மாற்றியிருக்கலாம்

முதலில் வரி. ஒரு பெருநகரப் பகுதியில் தொழிற்சாலை எந்த எல்லைக்குள் விழுகிறதோ அந்த ஊருக்கே முழு வரியும் என்றால் ஒரு தலைமுறைக்குச் சில ஊர்கள் கொழிக்கும், அடுத்த தலைமுறையில் அவையே காயும். இதற்கு மாற்று அமெரிக்காவிலேயே இருக்கிறது. மினசோட்டா மாநிலம் 1971லேயே சட்டம் போட்டு, மினியாபொலிஸ், செயின்ட் பால் சுற்று வட்டாரத்தில் வணிக, தொழில் சொத்துகளின் வரி மதிப்பு வளர்வதில் 40 சதவீதத்தைப் பொதுவில் சேர்த்து எல்லா ஊர்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. டெட்ராய்ட் வட்டாரத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் கிரைஸ்லர் ஆபர்ன் ஹில்ஸுக்குப் போயிருந்தாலும் அங்கே வளர்ந்த வரியில் ஒரு பங்கு இங்கே வந்திருக்கும். ஹைலண்ட் பார்க்கே தன் நல்ல காலத்தில் அதற்கு ஒத்துக்கொண்டிருக்குமா என்று கேட்டால், சத்தியமாக ஒத்துக்கொண்டிருக்காது.

இரண்டாவது, கம்பத்தின் உரிமை. பேரம் பேசும்போது பாக்கித் தள்ளுபடிக்கு ஈடாக விளக்கை எடுத்துக்கொள் என்பதற்குப் பதிலாக, அணைத்த கம்பங்களை இடத்திலேயே விட்டுவிடு, பின்னால் ஊர் விலைக்கு வாங்கிக்கொள்ளும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். கம்பம் நின்றிருந்தால் எல்.இ.டி. விலை இறங்கியதும் தலையை மட்டும் மாற்றினால் போதும். நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்குமா என்பது வேறு விஷயம், கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, எதை விடுவது என்பதைத் தெருக்காரர்களோடு உட்கார்ந்து முடிவு செய்வது. 7.7 சதுர கிலோமீட்டர் ஊரில் தெருவுக்கு ஒரு மாலைக் கூட்டம் போட்டிருந்தாலும் சில வாரங்களில் முடிந்திருக்கும். எப்படியும் 500 விளக்குதான் மிஞ்சும் என்றாலும், எந்த 500 என்பதைப் பள்ளிக்கூடப் பேருந்துக்காக இருட்டில் நிற்கிற பிள்ளையின் வீட்டில் கேட்டிருக்கலாம்.